ரீல்ஸ்ல தெரியாத கார்னர்: ப்ரோ கபடிக்கு ஒரு காலேஜ் பையன் தேறுவானானு எப்படிப் பார்க்கிறது?

"நீதான் பத்திரிகையில எழுதுறியே கண்ணு... இவன் தேறுவானா மாட்டானானு விவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லேன்."

சித்தி போன்ல இதைச் சொன்னப்போ, பின்னாடி ஓவர்லாக் மெஷின் சத்தம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. 'இவன்'னா சித்தி பையன், என் தம்பி. வயசு 19. பி.காம் ரெண்டாவது வருஷம். லீவு நாள்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. மத்த நேரமெல்லாம் கபடி. டீம்ல அவன் லெஃப்ட் கார்னர்.

அவனோட நாலு கேட்ச்சை வரிசையா ஒட்டி, பி.ஜி.எம் போட்டு, யாரோ ஒரு ரீல் விட்டிருந்தாங்க. அது ஓடு ஓடுன்னு ஓடிடுச்சு. அன்னைக்கிருந்து ஊருல பார்க்கிறவங்க எல்லாம், "அடுத்த வருஷம் ப்ரோ கபடிதானே மாப்ள"ன்னு ஏத்திவிட்டுட்டாங்க. பையன் காலேஜை விட்டுட்டு முழுநேரமா இறங்கலாமானு யோசிக்க ஆரம்பிச்சான். சித்தப்பா மூணு நாளா அவன்கிட்ட பேசலை. இதுதான் வீட்டு நிலவரம்.

அதனால போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, அவிநாசிபாளையம் பக்கத்துல நடந்த ஒரு போட்டிக்குக் கிளம்பிப் போனேன். (அவிநாசினு நினைச்சுக்கிட்டு பஸ் ஏறிடாதீங்க. அது வேற திசை. இது திருப்பூர்ல இருந்து தாராபுரம் போற ரோடு.) முந்தின நாள்தான் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்திருக்கு. கூட்டம் குறையே இல்லை. ஃபோகஸ் லைட்டைச் சுத்திப் பூச்சி, மைக்குல விடாம பேசுற அண்ணன், மண் தரைக்கு மேல விரிச்ச மேட்.

என் பக்கத்துல உட்கார்ந்தவர், ஒருகாலத்துல யுனிவர்சிட்டி டீம்ல கார்னர் ஆடினவர். இப்போ ஒரு கம்பெனியில கட்டிங் மாஸ்டர். ரீலை எடுத்துக் காட்டினேன். பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

"இதுல அவன் பிடிச்சதுதானுங்க இருக்கும். நான் அவன் விடுறதைப் பார்க்கணும் அம்மிணி. நோட்டு இருக்குதுங்களா?"

ஓரத்துல நிக்கிறவனுக்கு என்ன வேலை?

கபடியில நம்ம எல்லாருக்கும் பாடிப் போறவரைத்தான் தெரியும். 'கில்லி' வேலுவும் சரி, 'வெண்ணிலா கபடிக்குழு' பசங்களும் சரி, மனசுல நிக்கிறது ரெய்டுதான். ஆனா ஒரு டீம் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் பெரும்பாலும் ரெண்டு ஓரத்துல நிக்கிற ரெண்டு பேர் கையில இருக்கு.

ஏழு பேர் தடுப்பாட்டத்துல நிக்கும்போது, ரெண்டு கோடியிலயும் கார்னர். அவங்களுக்கு அடுத்து இன், அப்புறம் கவர், நடுவுல ஒருத்தர். ஒரு அணியோட பாதி மேட் 10 மீட்டர் அகலம், 6.5 மீட்டர் ஆழம். அந்த அகலத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபிக்குப் போயிடும். தொடுதல் நடக்கிற வரைக்கும் லாபியில கால் வைக்கக் கூடாது. நடுக்கோட்டுல இருந்து 3.75 மீட்டர்ல பால்க் லைன், அதுக்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் லைன். கணக்குப் போட்டுப் பாருங்க. போனஸ் லைனுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கிறது ஒண்ணே முக்கால் மீட்டர். நம்ம வீட்டு ஹால்ல சோபாவுக்கும் டி.வி-க்கும் நடுவுல இருக்கிற இடம். கார்னரோட ராஜ்யம் இவ்வளவுதான்.

இந்த இடத்துல நின்னுக்கிட்டு, ரெய்டர் போனஸுக்காகக் காலை நீட்டும்போது கணுக்காலை அள்ளணும். இல்லை, அவர் மறுபக்கம் திரும்பி முதுகைக் காட்டுற அந்த அரை நொடியில தொடையைக் கட்டணும். பெரும்பாலும் முதல் கை கார்னரோடது. கவரும் இன்னும் அதுக்கப்புறம்தான் மேல விழுவாங்க. முதல் கை தப்பா போச்சுன்னா, உதவிக்கு வந்தவங்களையும் ரெய்டர் தொட்டுட்டுப் போயிடுவார். ஒரு பாயின்ட் போக வேண்டிய இடத்துல மூணு போகும்.

நோட்டுல ரெண்டு கோடு

அண்ணன் சொன்ன கணக்கு ரொம்ப சிம்பிள். பக்கத்துக்கு நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் 'போய்ப் பிடிச்சது', அந்தப் பக்கம் 'போய் விட்டது'. அவ்வளவுதான்.

ஒரு உதாரணம். ஒரு கார்னர் ஒரு மேட்ச்ல 12 தடவை பாய்றார், 5 தடவை பிடிக்கிறார். அஞ்சு கேட்ச்னா 'ஹை 5'. மைக்குல பேர் சொல்வாங்க, ரீலுக்கு அஞ்சு கிளிப் கிடைக்கும். ஆனா விட்டது 7. குறைஞ்சபட்சம் ஏழு பாயின்ட் எதிரணிக்கு. இன்னொரு கார்னர் நாலே தடவை போறார், மூணு பிடிக்கிறார், ஒண்ணு விடுறார். முதல் ஆளோட நிகரக் கணக்கு மைனஸ் 2. ரெண்டாவது ஆளோடது ப்ளஸ் 2. ரீலைப் பார்த்தா முதல் ஆள்தான் ஸ்டார்.

இதுகூட முழுக் கணக்கு கிடையாது. விட்ட கார்னர் வெளியே போய் உட்காரணும். அவர் இடத்துல பழக்கமில்லாத ஒருத்தர் வந்து நிப்பார். அந்தப் பாயின்ட்டால எதிரணியில வெளியே இருந்த ஒருத்தர் உள்ளேயும் வந்துடுவார். ஒரே தப்புல மூணு நஷ்டம்.

அதே மாதிரி 'சூப்பர் டேக்கிள்' எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. மூணு பேரோ அதுக்குக் கம்மியாவோ இருக்கும்போது பிடிச்சா ஒரு பாயின்ட் கூடுதல். கேட்க நல்லா இருக்கு. ஆனா அடிக்கடி சூப்பர் டேக்கிள் பண்றவர்னா, அவர் டீம் அடிக்கடி மூணு பேருக்குச் சுருங்குதுன்னும் அர்த்தம். அதுக்கு அவரே காரணமா இல்லையாங்கிறதைத் தனியா பார்க்கணும். வீக்கான காலேஜ் டீம்ல ஆடுற நல்ல கார்னரும் இருக்கான், தன்னோட அவசரத்தால டீமையே வீக்காக்கின கார்னரும் இருக்கான். ஸ்கோர் ஷீட்ல ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

எப்போ போகக் கூடாது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ஒரே கணுக்கால் பிடி, ஒரு நேரத்துல புத்திசாலித்தனம், இன்னொரு நேரத்துல முட்டாள்தனம்.

மேட்ல ஆறு பேரோ ஏழு பேரோ இருந்தா ரெய்டருக்கு போனஸ் வாய்ப்பு உண்டு. அப்போ அவர் காலை நீட்டுவார். அந்தக் கால் கார்னருக்குப் போடுற தூண்டில். அஞ்சு பேரா குறைஞ்சதும் போனஸ் கிடையாது. ரெய்டர் யாரையாவது தொட்டே ஆகணும்னா உள்ளே வரணும். இப்போ காத்திருக்கிறவருக்கு லாபம். மூணாவது நிலைமை, 'டூ ஆர் டை'. தொடர்ந்து ரெண்டு ரெய்டு சும்மா போயிருந்தா, மூணாவதுல பாயின்ட் எடுக்கலைன்னா ரெய்டர் அவுட். 30 நொடி ஓடிக்கிட்டே இருக்கு. அவசரம் முழுக்க அவருடையது. அந்த நேரத்துல கார்னர் பாய்ஞ்சு போய் விழுந்தா, எதிரிக்கு நாமளே வாசலைத் திறந்து விட்ட மாதிரி.

கமென்ட்ரியில 'அட்வான்ஸ் டேக்கிள்'னு சலிப்போட சொல்வாங்களே, அது இதுதான். ரெய்டர் எதுவும் பண்ணலை. கார்னரோட பொறுமைதான் தீர்ந்துபோச்சு.

என் தம்பி முதல் பாதியில ஏழு தடவை போனான். மூணு பிடிச்சான், நாலு விட்டான். விட்ட நாலுல ரெண்டு, ரெய்டர் வெறுமனே தோளைக் குலுக்கினதுக்கே பாய்ஞ்சது. கூட்டம் அவன் பிடிச்ச மூணுக்கும் விசில் அடிச்சுது. அண்ணன் எதுவும் சொல்லலை. நோட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தி வெச்சார்.

அமெரிக்காவுலயும் இதே தலைவலி

அமெரிக்கன் ஃபுட்பால்ல 'அவுட்சைடு லைன்பேக்கர்'னு ஒரு இடம் இருக்கு. நம்ம கார்னர் மாதிரியே ஓரத்துல நின்னு, பந்தை எறியப் போறவரை மடக்கணும். அப்படி மடக்கினா அதுக்குப் பேர் 'சேக்'. அங்கே காலேஜ்ல இருந்து ஆட்களை எடுக்கிறதுக்குன்னே வருஷா வருஷம் 'டிராஃப்ட்' நடக்கும். அதுக்கு முன்னாடி ஓட்டம், தாவல், எடை தூக்குதல்னு உடல் தகுதித் தேர்வு.

2008-ல வெர்னான் கோல்ஸ்டன்னு ஒரு காலேஜ் வீரர், சுமார் 102 கிலோ எடையைப் படுத்தபடி 37 தடவை தூக்கிக் காட்டினார். நியூயார்க் ஜெட்ஸ் அணி ஆறாவது ஆளா அவரை எடுத்துச்சு. மூணு சீஸன் ஆடினார். ஒரு சேக்கூட இல்லை. பூஜ்யம். அதே 2008-ல லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினவர் ஜேம்ஸ் ஹாரிசன். அவரை 2002 டிராஃப்ட்ல எந்த அணியும் எடுக்கலை. எடுத்தவங்களும் பலமுறை வெளியே அனுப்பினாங்க.

டேப், ஸ்டாப்வாட்ச், கோடிக்கணக்குல பணம் எல்லாம் வெச்சிருக்கிறவங்களுக்கே இப்படின்னா, ரீலை வெச்சு முடிவு பண்ற நம்மளை என்ன சொல்றது?

சுல்தானும் நம்ம அண்ணாவும்

ப்ரோ கபடியில கார்னருக்கு மதிப்பு உண்டானு கேட்டா, உண்டு. 2018 ஏலத்துல முதன்முதலா ஒரு கோடி ரூபாயைத் தொட்டது ரெய்டர் கிடையாது. ஈரானைச் சேர்ந்த லெஃப்ட் கார்னர் ஃபசல் அத்ராச்சலி. ரசிகர்களுக்கு 'சுல்தான்'. இன்னொரு ஈரானிய லெஃப்ட் கார்னர் முகமதுரேசா ஷாத்லூயி, தன்னோட முதல் சீஸன்லயே 89 டேக்கிள் பாயின்ட் எடுத்தார். 2023-ல புனேரி பல்தான் அவருக்குக் கொடுத்தது 2.35 கோடி.

ஆனா என் தம்பி பார்க்க வேண்டிய ஆள் இவங்க இல்லைன்னு நினைக்கிறேன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். 2014-ல ப்ரோ கபடி தொடங்கினப்போ அவருக்கு 39 வயசு. பலர் ஓய்வை அறிவிக்கிற வயசு. 2016-ல பாட்னா பைரேட்ஸ் கேப்டனா கோப்பை வாங்கினார். அதே வருஷம் உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல 44 வயசுல ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டன். வடநாட்டு வீரர்களும் அவரை 'அண்ணா'ன்னுதான் கூப்பிட்டாங்க. அந்த வயசுல 22 வயசு ரெய்டரை வேகத்துல ஜெயிக்க முடியாது. அவர் ஜெயிச்சது, எப்போ போகணும்னு தெரிஞ்சதால. பாட்னாவிலும் பிறகு யு மும்பாவிலும் ஒரு ஓரத்துல ஃபசல், மறு ஓரத்துல இவர்னு ஆடின மேட்ச்களை யூடியூப்ல தேடிப் பாருங்க. கேமரா ரெய்டரைக் காட்டும். நீங்க கார்னரோட காலைப் பாருங்க. எத்தனை தடவை அவர் அசையாம நிக்கிறார்னு எண்ணுங்க.

ஒரு ஆதங்கமும் இருக்கு. தமிழ் தலைவாஸ் 2022-ல முதன்முறையா அரையிறுதிக்குப் போச்சு. 2.26 கோடிக்கு வாங்கின பவன் செஹ்ராவத் முதல் மேட்ச்லயே காயமாகி வெளியே போன சீஸன் அது. அப்புறமும் டீம் நின்னதுக்கு ரைட் கார்னர் சாகரும், லெஃப்ட் கார்னர் சாஹில் குலியாவும் பெரிய காரணம். ரெண்டு பேரும் ஹரியானா பசங்க. நல்லா ஆடினாங்க, சந்தோஷம். ஆனா ஊருக்கு ஊர் கபடி ஆடுற மாநிலத்து டீமோட ரெண்டு ஓரத்துலயும் நிக்க நம்ம ஆள் யாரும் இல்லையானு தோணத்தான் செஞ்சுது. நம்ம ஊர்ப் போட்டிகள்ல கைதட்டு எதுக்கு விழுதுன்னு பார்த்தா, பாதிப் பதில் கிடைச்சிடும்.

காலேஜை விடலாமா?

இதுதான் சித்தி வீட்டுக் கேள்வி. இதுக்கு நேரடியான பதில் இருக்கு: விடக் கூடாது. காரணம் சென்டிமென்ட் இல்லை. காலேஜ்தான் வழியே.

திருப்பூர் பக்கத்துக் கல்லூரிகள்ல பலதும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ வருது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில கண்ணுல பட்டா யுனிவர்சிட்டி டீம். அங்கிருந்து தென்மண்டலப் போட்டி, அப்புறம் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அதுல மேல வர்ற பல்கலைக்கழகங்களுக்கு 'கேலோ இந்தியா' பல்கலைக்கழக விளையாட்டு. 2022, 2023 ஏலங்கள்ல, இந்த கேலோ இந்தியா கபடியோட ஃபைனலுக்கு வந்த ரெண்டு அணிகளோட 24 வீரர்களும் ஏலப் பட்டியல்ல சேர்க்கப்பட்டாங்க. காலேஜை விட்டுட்டா இந்தக் கதவு சாத்திடும்.

வேற வழிகளும் இருக்கு. அணிகள் புது இளம் வீரர்களைத் தனியாகத் தேர்வு வெச்சு எடுக்குது. 23 வயசுக்கு உட்பட்டவங்களுக்காக 2022-ல ஆரம்பிச்ச யுவா கபடி சீரிஸ் இருக்கு. அதுல நம்ம பக்கத்து ஊர் பேர்லயே 'பழனி டஸ்கர்ஸ்'னு ஒரு அணி. மாநில அரசோட முதலமைச்சர் கோப்பையில கல்லூரி மாணவர்களுக்கும் கபடி உண்டு.

பணக் கணக்கையும் சொல்லிடுறேன். 2023 ஏலத்துல அடிப்படை விலை, ஏ பிரிவுக்கு 30 லட்சம், பி 20, சி 13, டி 9 லட்சம். பேப்பர்ல வர்ற 2 கோடி, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான். பட்டியல்ல பேர் இருந்தும் யாரும் கை தூக்காமப் போறவங்க நிறைய. ஒரு சீஸன் பெஞ்ச்ல உட்கார்ந்துட்டு, அடுத்த வருஷம் திரும்பி வந்து பழைய கம்பெனியிலேயே ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிற கதைகளும் இந்தப் பக்கம் உண்டு. அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. ஆனா கையில டிகிரி இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வழி கொஞ்சம் அகலம்.

உடம்பு விஷயத்துல அண்ணன் சொன்னதுல முக்கியமானது முட்டி. கார்னர் எப்பவும் குனிஞ்சு, முட்டியை மடக்கி, குதிகாலைத் தூக்கி நிக்கணும். மண்ணுல வெறுங்காலோட ஆடும்போது கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்ல ஷூ பிடிச்சுக்கும். உடம்பு திரும்பி, கால் திரும்பலைன்னா முட்டிதான் வாங்கும். மண்ணுல பழகின பையன் மேட்டுக்கு வரும்போது முதல்ல கத்துக்க வேண்டியது கேட்ச் இல்லை, விழுறது எப்படின்னுதான்னு சொன்னார். சீனியர் ஆண்கள் பிரிவுக்கு 85 கிலோ வரம்பு இருக்கிறதால, கண்டபடி எடை ஏத்துறதும் ஆகாது.

அப்புறம் அவர் கவனிச்ச இன்னொண்ணு எனக்குத் தோணியே இருக்காது. தம்பி விட்ட ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இன் நிக்கிற பையனை முறைச்சான். "இது ரீல்ல வராதுங்க. ஆனா ஒரு கோச் மொதல்ல இதைத்தான் பார்ப்பாரு. கார்னர்னா பக்கத்துல நிக்கிறவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கோணும். அவனையே பகைச்சுக்கிட்டா எப்படிங்க?"

ரெண்டாவது பாதி. ஆட்டம் முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது எதிரணிக்கு டூ ஆர் டை ரெய்டு. தம்பி டீம்ல நாலு பேர் இருந்தாங்க. வந்த ரெய்டர் அந்த ராத்திரியோட பெரிய ஆள். நேரா தம்பி பக்கம் வந்து, காலை நீட்டினார். இழுத்தார். திரும்பவும் நீட்டினார். முதல் பாதியில ரெண்டு தடவை இதே காலுக்குத்தான் இவன் விழுந்தான். கூட்டம் "போடா, போடா"ன்னு கத்துச்சு. இவன் இன்னோட கையை விடலை. அரை அடி பின்னாடி நகர்ந்தான், அவ்வளவுதான். விசில். முப்பது நொடி முடிஞ்சு ரெய்டர் அவுட்.

அந்தப் பாயின்ட் யார் பேர்லயும் ஏறலை. மைக் அண்ணன்கூட ஒரு வார்த்தை சொல்லலை. என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் நோட்டை வாங்கி, ரெண்டு கோட்டுக்கும் வெளியே மார்ஜின்ல ஒரு டிக் போட்டார்.

"யுனிவர்சிட்டி டீமுக்கு வரட்டும். ரெண்டு வருஷம் போகட்டுங்க. அப்பறம் பேசலாம்னு உங்க சித்திகிட்ட சொல்லுங்க."

மேட்ச் முடிஞ்சு தம்பி வேர்வையும் மண்ணுமா ஓடி வந்தான்.

"அக்கா, கடைசி ரெய்டு வீடியோ எடுத்தியா?"

எடுக்கலை. நோட்டைக் கொடுத்தேன். மார்ஜின்ல இருந்த டிக்கைப் பார்த்துட்டு, "இது என்னக்கா?"ன்னு கேட்டான்.